இளம் வீரரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? பால்டிமோர், சான் டியேகோ, டாம்பா பே காட்டும் மூன்று வழிகள்

ஜூலை பாதி தாண்டிவிட்டால் பேஸ்பால் பார்க்கும் நண்பர்களிடமிருந்து வருவது ஒரே கேள்விதான். "மைனர் லீக்கில் இருக்கிற அந்தப் பையனைக் கொடுத்து ஒரு நல்ல பிட்சரை வாங்கலாமா, இல்லை பையனையே நம்பிக் காத்திருக்கலாமா?" (மைனர் லீக் என்பது இளம் வீரர்கள் தயாராகும் கீழ்நிலை லீக்; பிட்சர் என்றால் பந்து வீசுபவர்.) வீரர்களைக் கைமாற்றுவதற்கான கெடு நெருங்க நெருங்க, இரண்டு பக்கமும் சூடாகிவிடும். ஒரு பக்கம், "எதிர்காலத்தை அடகு வைக்காதே" என்பார்கள். இன்னொரு பக்கம், "எதிர்காலம் என்று எத்தனை வருடம் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்?" என்பார்கள்.

நான் மேரிலாந்தில் வசிக்கும் பால்டிமோர் ஓரியோல்ஸ் ரசிகன். இந்தச் சண்டையில் எனக்குச் சொந்த வலி உண்டு. இருந்தாலும் என் அணியை மட்டும் வைத்துப் பேசினால் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் மூன்று அணிகளை எடுத்துக்கொள்கிறேன். டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுத்த பிள்ளைகளை வளர்த்துக் காத்த பால்டிமோர், அவர்களைக் கொடுத்து நட்சத்திரங்களை வாங்கிய சான் டியேகோ பட்ரேஸ், நட்சத்திரங்களை முன்கூட்டியே விற்றுப் பிள்ளைகளை வாங்கும் டாம்பா பே ரேஸ்.

## எதை வைத்து அளப்பது

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு விதிகள் தெரிந்தால் போதும். முதலாவது டிராஃப்ட். 1965 முதல் நடக்கிறது, இப்போது 20 சுற்றுகள். பெரும்பாலும் தோற்ற அணிகளுக்கே முன்வரிசை வாய்ப்பு. ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவு பணத்துக்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்ற வரம்பு 2012 முதல் இருக்கிறது. என்.பி.ஏ. கூடைப்பந்தில் மாற்றுவது போல டிராஃப்ட் பிக்குகளை (தேர்வு வாய்ப்புகளை) இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது. சிறு நகர அணிகளுக்கும் வருமானம் குறைந்த அணிகளுக்கும் தரப்படும் சில கூடுதல் பிக்குகளை மட்டும் மாற்றலாம்.

இரண்டாவது, ஆறு வருடக் கணக்கு. மேஜர் லீக்கில் ஆறு வருட சேவை முடியும்வரை வீரர் அந்த அணியின் பிடியில் இருப்பார். முதல் மூன்று வருடம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம் (2025-ல் 7,60,000 டாலர்). அடுத்த மூன்று வருடம் சம்பளம் படிப்படியாக ஏறும். அதன்பின் ஃப்ரீ ஏஜென்ட், எங்கே வேண்டுமானாலும் போகலாம். இளம் வீரருக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குத் திறமையோடு சேர்த்து இந்த மலிவான ஆறு வருடமும் காரணம்.

இதை மனதில் வைத்து நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். அணி இப்போது ஜெயிக்கும் நிலையில் இருக்கிறதா? கையில் இருக்கும் முக்கிய வீரர்களுக்கு எத்தனை வருடம் மிச்சம்? கொடுக்கப் போகும் பையனின் இடத்தில் இன்னொருவர் தயாராக இருக்கிறாரா? வாங்கும் நட்சத்திரத்தைத் தக்கவைக்க முதலாளியிடம் பணம் இருக்கிறதா? ரசிகர் சண்டைகளில் முதல் கேள்வி மட்டுமே பேசப்படுகிறது. மூன்றாவதுதான் அதிகமாக முடிவு செய்கிறது என்பது என் எண்ணம்.

## பால்டிமோர்: எடுத்து, வளர்த்து, காத்திருப்பது

2018-ல் 115 தோல்வி, 2019-ல் 108, 2021-ல் 110. அந்த வருடங்களில் எங்கள் மைதானமான கேம்டன் யார்ட்ஸ் போவதற்கே பொறுமை வேண்டும். ஆனால் அந்தத் தோல்விகளின் விலையில் வந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 2019-ல் முதல் பிக்காக கேட்சர் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) அட்லி ரட்ச்மன், அதே டிராஃப்டில் 42-ஆவதாக கன்னர் ஹெண்டர்சன். 2020-ல் ஜோர்டன் வெஸ்ட்பர்க், கோபி மேயோ. 2021-ல் கோல்டன் கவ்ஸர். 2022-ல் மீண்டும் முதல் பிக், ஜாக்சன் ஹாலிடே. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற மைக் இலயஸ் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில் இருந்து வந்தவர். அங்கே 2011 முதல் 2013 வரை 106, 107, 111 என்று தோற்றுவிட்டு 2017-ல் உலகத் தொடரை (சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடரை) வென்ற முறையைத்தான் இங்கேயும் கொண்டுவந்தார்.

பலனும் கிடைத்தது. 2023-ல் 101 வெற்றி. பிறகு பிளே ஆஃப்பில் (சீசனுக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்றுகளில்) டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் மூன்று ஆட்டமும் தோல்வி. 2024-ல் 91 வெற்றி, கான்சஸ் சிட்டியிடம் இரண்டு ஆட்டமும் தோல்வி. 2025-ல் 75 வெற்றி, 87 தோல்வி. மே மாதமே, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பிராண்டன் ஹைடை நீக்கினார்கள்.

2023 ஜூலையில் நின்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கன் லீக்கில் பால்டிமோர் முன்னணியில். மைனர் லீக்கில் எல்லா அணிகளும் பொறாமைப்படும் பையன்கள். தேவைப்பட்டது தொடக்க பிட்சர். வாங்கியது ஜாக் ஃபிளாஹெர்டி மட்டும், அவரும் இங்கே எடுபடவில்லை. அதே ஜூலையில் டெக்சஸ் மேக்ஸ் ஷெர்சரையும் ஜோர்டன் மான்ட்கோமரியையும் வாங்கியது. ஷெர்சருக்காக லூயிஸ்ஆங்கல் அகுன்யா என்ற நல்ல இளம் வீரரைக் கொடுத்தது. அக்டோபரில் பால்டிமோரை வீட்டுக்கு அனுப்பியதும் டெக்சஸ்தான், அந்த வருடம் உலகத் தொடரை வென்றதும் டெக்சஸ்தான்.

இலயஸை ஆதரிப்பவர்கள், "டிராஃப்டில் எடுத்தவர்கள் எல்லாரும் ஜெயித்தார்களே, எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில்தான் மறைந்திருக்கும் செலவு இருக்கிறது. இவர்கள் எடுத்தவர்களில் பெரும்பாலோர் மட்டையாளர்கள். இலயஸ் வந்தபின் 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு டிராஃப்டுகளில் முதல் சுற்றில் ஒரு பிட்சரைக்கூட எடுக்கவில்லை. பிட்சர்களின் முழங்கையை நம்ப முடியாது, மட்டையாளர்களே பத்திரம் என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். அது தவறான எண்ணம் இல்லை. ஆனால் மட்டையாளர்களாகவே சேர்த்தால், மிஞ்சுகிறவர்களைக் கொடுத்துப் பிட்சர்களை வாங்கினால்தான் கணக்கு முழுமையாகும். ஒரே தாரில் இருக்கும் வாழைப்பழம் எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துவிடும். அந்த வாரத்தில் பாதியைக் கொடுக்காவிட்டால் கறுத்துப்போகும். ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று அதே இடங்களுக்கு நான்கைந்து பேர் டிரிபிள்-ஏயில் (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே) காத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதம் போகப் போக வயது ஏறியது, மற்ற அணிகள் தர நினைத்த விலை இறங்கியது.

இன்னொரு செலவும் உண்டு. டிராஃப்டில் வந்தவர்களை நான்கைந்து சீசனுக்குள் அணியின் 40 பேர் கொண்ட மேஜர் லீக் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி 1,00,000 டாலர் கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளைகள் நிறைய இருப்பது பெருமைதான், ஆனால் நாற்காலிகள் நாற்பதுதான்.

பால்டிமோர் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால், ஒரு கூடுதல் டிராஃப்ட் பிக் ஆகியவற்றைக் கொடுத்து கார்பின் பர்ன்ஸை வாங்கினார்கள். என்னைப் பொறுத்தவரை இலயஸ் செய்த ஆகச் சிறந்த டிரேடு அதுதான். ஓர்டிஸுக்கு இங்கே இடமே இல்லை, பர்ன்ஸ் 2.92 ஈ.ஆர்.ஏ.வில் (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது) முடித்தார். கான்சஸ் சிட்டியுடன் நடந்த முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். ஆட்டம் 1-0 என்று தோற்றது. அன்று ரன் எடுக்காமல் போனது நாம் பொத்திப் பொத்திக் காத்த மட்டையாளர்கள். பிட்சர் வாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்பவர்கள் இந்த ஆட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும், நான் உட்பட.

அதே வருட ஜூலையில் கைல் ஸ்டவர்ஸையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து ட்ரெவர் ராஜர்ஸை வாங்கியபோது நடந்த கூத்து தனி. ராஜர்ஸ் சொதப்பி மைனர் லீக்குக்கே அனுப்பப்பட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடம் ஸ்டவர்ஸ் ஆல் ஸ்டார் ஆனார், கொதிப்பு இரட்டிப்பானது. ஆனால் அதே 2025-ல் ராஜர்ஸ் 18 ஆட்டங்கள் தொடங்கி 1.81 ஈ.ஆர்.ஏ.வில் முடித்தார். ஒரு டிரேடுக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு வருடம் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? அடிமட்டத்தில் இருக்கும் அணிக்கு, முதல் நான்கைந்து வருடங்களுக்கு, வேறு எந்த வழியும் இவ்வளவு தரமாக இல்லை. 2022 வரை இலயஸ் செய்தது முழுக்க முழுக்க சரி. 101 ஆட்டம் ஜெயிக்கும் அணியான பிறகும் அதே பழக்கத்தில் இருந்ததுதான் தவறு.

## சான் டியேகோ: கொடுத்து வாங்குவது

ஏ.ஜே. பிரெல்லரைப் போல ஒரு பொது மேலாளர் நம் அணிக்கு வேண்டும் என்று நினைக்காத ரசிகர் இல்லை, அவரை நினைத்துப் பயப்படாத ரசிகரும் இல்லை. 2022 ஆகஸ்ட் 2 அன்று ஹுவான் சோட்டோவையும் ஜோஷ் பெல்லையும் வாஷிங்டனிடமிருந்து வாங்கினார். கொடுத்தது சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசெல், ஹார்லின் சுசானா, கூடவே லூக் வாய்ட். அந்த அக்டோபரில் 111 ஆட்டங்களை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை 3-1 என்று வீழ்த்தினார்கள். சான் டியேகோ நகரம் அப்படிக் கொண்டாடிய இரவு அதற்கு முன் பல வருடங்களாக வந்ததில்லை. அடுத்த சுற்றில் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றார்கள்.

கொடுத்தவர்களில் ஏப்ரம்ஸ், கோர், வுட் மூவரும் பின்னாளில் ஆல் ஸ்டார் ஆனார்கள். "பார்த்தாயா, ஏமாந்துவிட்டார்கள்!" என்பவர்கள் வாஷிங்டனையும் பார்க்க வேண்டும். அந்த மூவரும் ஆடிய 2025-ல் வாஷிங்டன் 96 ஆட்டங்கள் தோற்றது, பொது மேலாளர் மைக் ரிஸோ சீசன் நடுவிலேயே நீக்கப்பட்டார். மூன்று நல்ல பையன்கள் மட்டும் ஒரு அணி ஆகிவிட மாட்டார்கள்.

இங்கே உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது. சோட்டோவைத் தக்கவைக்கப் பணம் வேண்டும். 2023-ல் அணி 82 ஆட்டமே வென்றது. உள்ளூர் ஒளிபரப்பு ஒப்பந்தம் அந்த வருடமே முறிந்தது. நவம்பரில், தாராளமாகச் செலவு செய்த முதலாளி பீட்டர் சைட்லர் காலமானார். டிசம்பரில் சோட்டோ நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார், ஒரு வருடம் கழித்து மெட்ஸ் அவருக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது. பட்ரேஸ் கையில் சோட்டோ இருந்தது ஒன்றரை சீசன்கூட இல்லை. ஆனால் பிரெல்லர் அந்த விற்பனையிலும் மைக்கேல் கிங்கைப் பெற்றார், கூட வந்த ட்ரூ தார்ப்பை வைத்து அடுத்த மார்ச்சில் டிலன் சீஸை வாங்கினார். 2024-ல் 93 வெற்றி. கொடுப்பவருக்கு மீண்டும் பெறவும் தெரிய வேண்டும், அது அவருக்குத் தெரியும். 2016-ல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கொடுத்து 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை வாங்கியவரும் அவரே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு கொடுத்தவர்கள் ஜாக்சன் மெரிலை மட்டும் கொடுக்கவில்லை. 2021-ல் 27-ஆவது பிக்காக எடுத்த பையன், எங்கள் மேரிலாந்தின் செவர்னா பார்க்கில் வளர்ந்தவன். ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவரை சென்டர் ஃபீல்டுக்கு மாற்றி 2024-ல் நேராக மேஜர் லீக்கில் இறக்கினார்கள். யாரைக் கொடுக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தால்தான் மற்றவர்களைக் கொடுக்கத் துணிச்சல் வரும்.

2025 ஜூலை முடிவில் மீண்டும் ஒரு பெரிய டிரேடு. 18 வயது லியோ டி வ்ரீஸையும் மூன்று பிட்சர்களையும் கொடுத்து மேசன் மில்லர், ஜே.பி. சியர்ஸ் ஆகியோரை அத்லெடிக்ஸ் (ஏ'ஸ்) அணியிடமிருந்து வாங்கினார்கள். அதே நாளில் பால்டிமோரிடமிருந்து ரயன் ஓஹெர்னும் ரமோன் லாரியானோவும் போனார்கள், எங்களுக்கு ஆறு இளம் வீரர்கள் வந்தார்கள். பட்ரேஸ் 90 வென்று சிகாகோ கப்ஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. மில்லர் 2029 வரை அவர்கள் பிடியில் இருக்கிறார் என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மில்லர் போன்ற ஒரு ரிலீவர் (ஆட்டத்தின் பின்பகுதியில் வரும் பிட்சர்) வருடத்துக்கு அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான் வீசுவார். டி வ்ரீஸ் போன்ற ஷார்ட்ஸ்டாப்பை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

டிரேடு என்றாலே பழைய ரசிகர்கள் 1987-க்குப் போவார்கள். டெட்ராய்ட் டைகர்ஸ் டாயல் அலெக்ஸாண்டருக்காக ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது, ஸ்மோல்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். உண்மைதான். ஆனால் அலெக்ஸாண்டர் டெட்ராய்ட்டுக்காக 9 வெற்றி, தோல்வியே இல்லை என்று வீசினார், டிவிஷனை டெட்ராய்ட் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் வென்றது. அவர் இல்லாமல் அந்த அக்டோபரே இல்லை. மறுபக்கம், 1966-ல் ஸ்டீவ் சில்காட்டும் 1991-ல் பிரையன் டெய்லரும் டிராஃப்டின் முதல் பிக்குகள். இருவரும் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

## டாம்பா பே: முன்கூட்டியே விற்பது

இந்த வழியைப் புரிந்துகொள்ள ஒரு டிரேடு போதும். 2018 ஜூலையில் ரேஸ் தங்கள் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை பிட்ஸ்பர்க்குக் கொடுத்து டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் வாங்கியது. ஆர்ச்சர் பிட்ஸ்பர்க்கில் எடுபடவில்லை. மெடோஸை 2022-ல் கொடுத்து ஐசக் பரேடஸை வாங்கினார்கள், பரேடஸை 2024-ல் கொடுத்து வேறு மூவரை வாங்கினார்கள். கிளாஸ்னோவை டாட்ஜர்ஸுக்கு விற்று ரயன் பெபியோவைப் பெற்றார்கள். 2025 டிசம்பரில் பாஸ் வந்து சேர்ந்தது எங்கள் பால்டிமோருக்கு. விலை நான்கு இளம் வீரர்களும் ஒரு டிராஃப்ட் பிக்கும்.

அந்த நால்வரில் இருவரின் கதையைப் பாருங்கள். பர்ன்ஸும் ஆண்டனி சாண்டாண்டரும் ஃப்ரீ ஏஜென்டாகப் போனதற்கு ஈடாக பால்டிமோருக்கு 30, 31 என்ற இரண்டு பிக்குகள் கிடைத்தன. 30-ல் எடுத்தவர் கேட்சர் கேடன் போடைன். 2025 ஜூலையில் ரிலீவர் பிரையன் பேக்கரை டாம்பாவுக்குக் கொடுத்து அவர்களுடைய 37-ஆவது பிக்கை வாங்கி எடுத்தவர் ஸ்லேட்டர் டி புருன். ஐந்து மாதத்தில் இருவரும் டாம்பாவுக்குப் போய்விட்டார்கள். டாம்பாவிடம் இப்போது பேக்கரும் இருக்கிறார், அந்தப் பிக்கில் எடுத்த பையனும் இருக்கிறார்.

இப்படி நடந்துதான் குறைந்த சம்பளச் செலவில் 2019 முதல் 2023 வரை ஐந்து வருடமும் பிளே ஆஃப் போனார்கள். 2020-ல் உலகத் தொடர். செயின்ட் லூயிஸிடமிருந்து வாங்கிய ராண்டி அரோசரெனா அந்த பிளே ஆஃப்பில் 10 ஹோம் ரன் அடித்து சாதனை படைத்தார்.

செலவு? முதலில், தவறும் டிரேடுகள். பிளேக் ஸ்னெல்லைக் கொடுத்து வாங்கியதில் சொல்லும்படி ஒன்றும் தேறவில்லை. 2019-ல் 40 பேர் பட்டியலில் இடமில்லாத நெருக்கடியில் கிறிஸ்டோபர் சான்செஸை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார்கள், அவர் 2025-ல் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் இரண்டாவதாக வந்தார். அப்புறம், ரசிகரின் மனது. பிள்ளைக்கு யார் பெயர் போட்ட ஜெர்சி வாங்கித் தருவது என்று டாம்பா ரசிகருக்குத் தெரியாது. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வீரரோடு சேர்ந்து வயதாவதுதான் இந்த விளையாட்டைப் பின்தொடர்வதன் பாதி சுகம். கடைசியாக, 2024-ல் 80 வெற்றி, 2025-ல் 77. இயந்திரம் நன்றாக ஓடினாலும் கோப்பை இன்னும் வரவில்லை. முதலாளி செலவே செய்ய மாட்டார் என்ற அணிக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | எடுத்து வளர்ப்பது (பால்டிமோர்) | கொடுத்து வாங்குவது (சான் டியேகோ) | முன்கூட்டியே விற்பது (டாம்பா பே) |
|---|---|---|---|
| பலன் வர | நான்கைந்து வருடம் | அதே சீசன் | ஒன்று முதல் மூன்று வருடம் |
| பணம் | ஆரம்பத்தில் குறைவு, பிறகு ஏறும் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | ஒரே இடத்துக்குப் பலர், கரையும் வருடங்கள் | நட்சத்திரம் தங்காமல் போவது | முகம் மாறிக்கொண்டே இருக்கும் அணி |
| எட்டிய உயரம் | 2023-ல் 101 வெற்றி | 2022-ல் லீக் இறுதிச் சுற்று | 2020-ல் உலகத் தொடர் |
| பொருந்தும் நேரம் | அடிமட்டத்திலிருந்து எழும்போது | ஜெயிக்கும் அணியில் ஓரிரு ஓட்டை இருக்கும்போது | முதலாளி செலவு செய்யாதபோது |

## அப்படியானால் அந்தப் பையனை?

உங்கள் அணி 90 வெற்றியை எட்டும் நிலையில் இருந்து, அந்தப் பையனின் இடத்தில் நல்ல வீரர் ஒருவர் இன்னும் மூன்று வருடமாவது இருப்பார் என்றால், கொடுங்கள். பதிலாக வருபவருக்கு இரண்டு வருடமாவது மிச்சம் இருக்கட்டும். பாஸ்டன் 2024 டிசம்பரில் கேரட் கிராஷேவை வாங்கியது இதற்கு நல்ல மாதிரி. கேட்சர் கைல் டீல் உட்பட நான்கு இளம் வீரர்கள் போனார்கள். கிராஷேவுக்கு இரண்டு வருடம் மிச்சம் இருந்தது, பிறகு 17 கோடி டாலருக்கு ஆறு வருட ஒப்பந்தமும் போட்டார்கள். முதல் சீசனிலேயே சை யங் விருதில் இரண்டாவது இடம். அந்தக் குளிர்காலத்தில் பால்டிமோர் வாங்கியது நாற்பதைத் தாண்டிய சார்லி மோர்ட்டனையும் 35 வயது டோமோயுகி சுகானோவையும்.

அணி 75 வெற்றிக்குக் கீழே இருந்தால், யார் எவ்வளவு ஆசை காட்டினாலும் பையனை விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், மிச்ச வருடங்களை எண்ணுங்கள். அதுதான் பால்டிமோர் இப்போது இருக்கும் இடம். ரட்ச்மன் 2027 முடிவில் ஃப்ரீ ஏஜென்ட், ஹெண்டர்சன் 2028 முடிவில். முதல் பேஸ் வீரர் பீட் அலோன்ஸோவுக்கு ஐந்து வருடத்துக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து, பாஸையும் வாங்கியிருப்பதைப் பார்த்தால், இலயஸும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நல்லது. இரண்டு வருடம் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மிஞ்சியிருக்கும் பெரிய முடிவு கேட்சர் இடத்தில். எங்கள் இளம் கேட்சர் சாமுவேல் பசாயோ எட்டு வருடத்துக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ரட்ச்மனுக்கு அப்படி ஒன்று இல்லை. இந்த அணியைச் சாம்பலிலிருந்து எழுப்பியவர் ரட்ச்மன், அவரை வேறு சட்டையில் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனாலும் மூன்று வருடம் மிச்சமிருக்கும் ஒரு முதல்தரத் தொடக்க பிட்சரை யாராவது முன்வைத்தால், 2027 முடியும்வரை காத்திருந்து ஒரு ஈட்டுப் பிக்கை மட்டும் பெறுவதைவிட அதை நான் ஏற்பேன். அதைவிடக் குறைவாக வந்தால் ரட்ச்மன் இங்கேயே இருக்கட்டும், பசாயோ வாரத்தில் மூன்று நாள் முதல் பேஸிலோ டி.எச். (மட்டை மட்டும் பிடிப்பவர்) ஆகவோ ஆடட்டும்.